புதிய எண் பதினான்கு

அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள் சார், ஒரு கால் குட்டை. இந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆணி விற்கிறவன் கடையில் ஆடுகிற ஸ்டூலா என்று கேட்கத் தோன்றும். விற்கிற சரக்கில் சொந்தத்துக்குக் கை வைக்க எனக்கு மனசு வராது. கஞ்சன் என்று எழுதிக்கொள்ளுங்கள், தெருவில் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கிற அளவுக்கு என்னைத் தெரிந்தவர்களும் இப்போது இல்லை.

நீங்கள் கேட்க வந்தது ஒரே கேள்வி. ஆம்புலன்ஸ் இந்த முனையில் நின்றதா, டிரைவர் யாரிடமாவது வழி கேட்டானா. கேட்டேன் என்கிறான், வேலையை இழந்து நிற்கிற அவன். வண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை என்று போன தடவை உங்கள் ஆம்புலன்ஸ் ஆபீஸ் ஆளிடம் நான் சொன்னேன். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் நீங்களும் தப்பாக எழுதிக்கொண்டு போவீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன். அந்த வண்டியும் சுற்றித்தானே வந்தது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் நாற்பத்தாறு வீடு. ஊர் தனி ஊராக இருந்தபோது எண் மேற்கே பள்ளிக்கூடச் சுவரிலிருந்து ஆரம்பிக்கும். முதலில் வீடு கட்டியவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். ஒன்றாம் எண்ணை வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று அவர் அடம் பிடித்ததாகக் கேள்வி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நகரம் எங்களைச் சேர்த்துக்கொண்டது. மாநகராட்சிக்கு எல்லாமே மெயின் ரோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இடது பக்கம் ஒற்றைப்படை, வலது பக்கம் இரட்டைப்படை. ஒரே வாரத்தில் தெருவின் தலை காலாகி, கால் தலையாயிற்று. ஒவ்வொரு கதவிலும் இரண்டு தகடு, மேலே பழைய எண், கீழே புதிய எண். இரண்டையும் விற்றது நான்தான். மாட்டுவதற்கான ஸ்க்ரூவையும் சேர்த்து.

அதனால் இந்தத் தெருவில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. பழைய பதினான்கு அந்த மேற்குக் கோடியில், லாரிக்காரர் வீடு. புதிய பதினான்கு இதோ, இங்கிருந்தே தெரிகிறது பாருங்கள், பச்சைக் கதவு, 'ஸ்டூடியோ' என்று பலகை. என் கல்லாவிலிருந்து எழுபது காலடி. நடந்து பார்த்திருக்கிறேன்.

நகரம் வந்தவுடன் மண்ணுக்கு மதிப்பு வந்தது. மண்ணுக்கு மதிப்பு வந்தால் அதன் மேல் நிற்கிறவனுக்குக் கால் அரிக்கும். முதலில் போனது லாரிக்காரர். அவர் வீட்டை இடித்து, அடுக்குமாடி வருகிறது என்று பள்ளம் தோண்டினார்கள். ஐந்து வருஷமாகப் பள்ளம்தான் குடியிருக்கிறது, சுற்றித் தகர வேலி. அடுத்து ட்ராயிங் மாஸ்டர். அப்புறம் பேக்கரி அக்கா. அவள் போன அன்றைக்கு எனக்கு ஒரு பொட்டலம் ரஸ்க் கொடுத்துவிட்டு, "வந்து போயிட்டு இருப்பேண்ணே" என்றாள். வரத் தெரிந்தவள்தான், வழியும் தெரியும். வரவில்லை. என் வீட்டுக்காரி போன வருஷம் பேரனைப் பார்க்க மகன் வீட்டுக்குப் போனாள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போனவர்களின் இடத்தில் வந்தவர்களை எனக்கு முகத்தால் தெரியாது, சரக்கால் தெரியும். முன்பெல்லாம் இந்தக் கடையில் ஓடியது ஆணி, கீல், தாழ்ப்பாள். இப்போது ஓடுவது ஒட்டும் கொக்கி. பின்னால் தாளை உரித்துச் சுவரில் அழுத்தினால் நிற்குமே, அது. வாடகைக்கு வருகிறவர்கள் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். ஆணி கேட்கிறவன் இருக்கப் போகிறவன். ஒட்டும் கொக்கி கேட்கிறவன் பதினோரு மாதத்தில் உரித்துக்கொண்டு போகிறவன். யார் எந்த ஊர், என்ன பேச்சு, என்ன வேலை என்று நான் பார்த்ததில்லை. புதியவர்களை வெறுத்தேன் என்று எழுதாதீர்கள், அது பொய். பகலில் தூங்கி, இருட்டியதும் வேலைக்குப் போகிற பிள்ளைகள், ஒரே வீட்டில் ஆறு பேராக மாணவர்கள், காலையில் இரண்டு பேரும் பூட்டிக்கொண்டு போகிற புருஷன் பெண்டாட்டி. நல்ல பிள்ளைகள்தான். பேரம்கூடப் பேசாமல், போனைக் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போவார்கள். அதுதான் எனக்குச் சகிக்கவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கடைவீதியில் சார். எங்கள் வீட்டில் அம்மா ஒரு டம்ளர் பால் குடி என்பாள், நான் அரை என்பேன், முக்காலில் முடியும். யாரும் முதலில் சொல்கிற விலையை நிஜமாகக் கேட்பதில்லை. கூட்டிச் சொல்வோம். எதிராளி முகத்தைச் சுளிப்பான், எழுந்து போவது போல் நாலு அடி வைப்பான், நாம் கூப்பிடுவோம். அந்த நாலு அடியில்தான் மனுஷனுக்கு மனுஷன் பழக்கமே ஏற்படுகிறது. முதல் விலைக்கே சரி என்று சொல்லிவிடுகிற ஆளைக் கண்டால் எங்களுக்குப் பயம். விற்றவன் அன்று ராத்திரி தூங்க மாட்டான்.

அதனால் சின்னச் சின்னதாக ஆரம்பித்தேன். முனைக்கடை என்பதால் வீடு தேடி வருகிற எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். "பத்தொன்பதா? வீடு நல்ல வீடுதான், தண்ணிதான் வராது" என்பேன். "இருபத்திரண்டா? கரையானைப் பழகிட்டீங்கன்னா பிரச்சினை இல்ல." அவர்கள் இரண்டு கேள்வி எதிர்த்துக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்க மாட்டார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். பொருள் கொண்டு வருகிற பையன்களைப் பழைய எண்ணுக்கு அனுப்பினேன். அவர்கள் தகர வேலியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து என்னைத் திட்டாமல் வாட்சைப் பார்ப்பார்கள். ஒரு கோடையில், கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு மின்விசிறி ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியனை அந்தக் கோடிக்கு அனுப்பினேன். அவன் வெறுத்துப்போய் மறுநாள்தான் வந்தான். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். காலியான வீட்டுக்குப் பழைய ஆட்கள் திரும்புவார்கள் என்று நான் நினைத்தேனா என்று கேட்காதீர்கள். யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் வந்தாள். கையில் ஒரு பக்கெட், அதற்குள் துடைப்பம், மறு கையில் எட்டு வயசுப் பெண். "மாமா, பதிமூணாம் நம்பர் எங்க?" என்றாள். வழக்கம்போல அந்தக் கோடியைக் காட்டினேன். நல்ல வெயில். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாள், முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு.

"நீங்க சொன்ன எடத்துல ஒரு ஆயா நல்ல தண்ணி குடுத்தாங்க மாமா. ஆனா வீடு அது இல்லயாம். உங்க கடைக்கு ஆறேழு வீடு தள்ளியாமே?"

"வயசாயிடுச்சும்மா, எண்ணு குழம்பிப்போச்சு" என்றேன்.

"பரவால்ல, ஒரே நடையில தெரு பூரா பாத்தாச்சு. ஒரு டஜன் ஆணி குடுங்க."

"ஆணியா? வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டாரே. கொக்கி தரட்டுமா?"

"போறப்ப நானே அடைச்சுக் குடுத்துடறேன்னு சொல்லி வாங்கிட்டேன். அதென்ன மாமா, வந்ததும் போறதப் பத்திப் பேச்சு? ஆணி என்ன வெல?"

சொன்னேன்.

"அநியாயம். அதுல பாதி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சார். துரு தூசி என்று துடைத்துக்கொண்டேன். பதினைந்து நிமிஷம் பேரம் பேசினோம். ஒரு டஜனுக்குப் பதின்மூன்றாகக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் வாரத்துக்கு ஒரு தரம் கடையில் நின்று எனக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். அதற்கும் பேரம் பேசுவேன். "நூத்தி அறுவதா? ஒரு இருவது கொறச்சு எழுதிக்கயேன்" என்பேன். உப்பைக் குறைத்தால் தானும் குறைப்பதாகச் சொல்வாள்.

இப்போது ஸ்டூடியோ. பச்சைக் கதவுக்காரன். நானும் அவனும் ஒரே வருஷம் கடை போட்டோம், முப்பத்திநாலு வருஷம் ஆகிறது. அவனுக்கு நான் 'ஆணி', எனக்கு அவன் 'ஸ்டூடியோ'. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட்டால் இருவருமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். தெருவில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும், எந்தப் பிள்ளையின் முதல் பிறந்த நாளுக்கும் அவன்தான் படம். ஒரு வீட்டுக்கு ஒரு படம் என்று பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, முன்னறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். நாற்பத்தொரு படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இரண்டு இன்ச் ஆணி, என்னிடம் ஒவ்வொன்றாக வாங்கியது. ஹெட்மாஸ்டர், ட்ராயிங் மாஸ்டர், லாரிக்காரர் தன் லாரியோடு, பேக்கரி அக்கா கன்னத்தில் மாவோடு. மூன்றாவது வரிசையில் நானும் என் வீட்டுக்காரியும், என் மீசை அப்போது கறுப்பு. வீடுகள் ஒவ்வொன்றாகப் போகப் போக நான் அந்த அறைக்குப் போய் உட்காருவது அதிகமாயிற்று. தெரு வெளியே இல்லை என்றாலும் உள்ளே இருந்தது.

அவனுக்கு அந்த வருத்தமே கிடையாது. புது ஆட்கள் அடையாள அட்டைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் படம் எடுக்க வருவார்கள். "கொஞ்சம் சிரிங்க, கவர்மெண்டுக்குத் தெரியாம" என்று எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுவான். "மொகம்னா மொகம்தாண்டா ஆணி, அதுல என்ன பழசு புதுசு?" என்பான். அவன் இருக்கிறான், அது போதும் என்று இருந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலையில் கடைக்கு வந்தான்.

"டேய் ஆணி, ஒரு குறடு குடு."

"எதுக்கு?"

"பல்லு எடுக்க. உன்னோடதுதான், வாயத் தொற."

"வாடகைக்கா வெலைக்கா?"

"ரெண்டு நாளைக்குத்தாண்டா. வெள்ளிக்கெழம திருப்பித் தந்துடறேன். துருப்புடிச்சத எந்தலையில கட்டாத."

"என்ன சைஸ் ஆணி எடுக்கணும்?"

"ரெண்டு இன்ச்சு."

"எத்தன?"

அவன் தராசுத் தட்டைத் தட்டிவிட்டு விளையாடினான். அப்புறம், "எல்லாந்தாண்டா" என்றான்.

மகள் கூப்பிடுகிறாளாம். வீட்டை விலை பேசி முடித்தாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறானாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேடா" என்றேன்.

"சொன்னா நீ பேரம் பேச ஆரம்பிச்சிடுவ. முப்பத்திநாலு வருஷத்துல உங்கிட்ட பேசி ஒரு தரமாச்சும் ஜெயிச்சிருக்கேனா? அதான் முடிச்சுட்டு வந்து சொல்றேன்."

"படமெல்லாம்?"

"போன்ல ஏத்தி எல்லாருக்கும் அனுப்பிடறேன். அங்க செவுரு சின்னதுடா." என் முகத்தைப் பார்த்திருப்பான் போல. குரலை இறக்கி, "நீயும் வந்துடு. மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. அந்த ஊர்லயும் மனுசங்க ஆணி அடிப்பாங்கடா" என்றான்.

நான் சிரித்தேன். உள்ளே போய் இருப்பதிலேயே மோசமான குறடைத் தேடி எடுத்து வந்து கொடுத்தேன். மூட்டு இறுகிப்போனது, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் வாய் மூடும். நல்லதைக் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடுவான் அல்லவா. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடைசி வரைக்கும் திருந்த மாட்டே" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. முன்பென்றால் அந்த நேரத்தில் தெருவில் பதினைந்து பேராவது இருப்பார்கள். காயப்போட்ட துணி எடுப்பவர்கள், பள்ளிக்கூடம் விடக் காத்திருப்பவர்கள், சும்மா இருப்பவர்கள். ஒரு வண்டி நுழைந்தால் நான்கு பேர் ஓடிப்போய் வழி விடுவார்கள், நான்கு பேர் வழி சொல்வார்கள், ஒருவன் ஏறியே உட்கார்ந்துவிடுவான். அன்று ஈ காக்கை இல்லை. வேலைக்குப் போனவர்கள் போயிருந்தார்கள், தூங்குகிறவர்கள் தூங்கினார்கள். சாக்கடைக் குழாய் பதிக்க மாநகராட்சி தெருவின் நடுவில் தோண்டிய பள்ளம் அப்படியே கிடந்தது. இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு ஆள் தாண்டலாம், வண்டி தாண்ட முடியாது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஆமாம் சார், இங்கேதான் நின்றது. உள்ளே நுழைந்தால் திருப்ப இடமில்லை என்று பார்த்துவிட்டு, கேட்டுக்கொண்டு நுழையலாம் என்று நிறுத்தினான். கெட்டிக்காரப் பையன். நான் முனையில் நின்றுகொண்டிருந்தேன். "ஐயா, பதினாலாம் நம்பர் எந்தப் பக்கம்?" என்றான்.

"பதினாலா? அந்தக் கோடியாச்சே. நடுவுல பள்ளம், இப்படிப் போக முடியாது. மெயின் ரோட்டுல போய், பள்ளிக்கூடத்துப் பக்கமாத் திரும்புங்க" என்றேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பழைய பதினான்கு அங்கேதான் இருந்தது.

அவன் தலையாட்டிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான். நான் கடைக்குள் வந்தேன். ஒரு இன்ச் ஸ்க்ரூவும் முக்கால் இன்ச் ஸ்க்ரூவும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துப் போட்டேன். வண்டி பள்ளிக்கூடத்தைச் சுற்றி, தகர வேலியைச் சுற்றி, யாரையோ எழுப்பிக் கேட்டு, மறுபடி மெயின் ரோட்டுக்கு வந்து, என்னைத் தாண்டிப் பச்சைக் கதவுக்குப் போகப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. நான் பாதி டப்பாகூட முடிக்கவில்லை.

நீங்கள் நினைப்பது புரிகிறது. கிழவன் பழைய எண்ணைச் சொல்லிவிட்டான், வயசு, மறதி. அப்படியே எழுதிக்கொண்டு எழுந்து போகலாம். நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் நீங்கள் அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டீர்களே. நர்ஸ் எழுதிய கடிதம். 'புதிய எண் என்று தெளிவாகச் சொல்லாதது என் தவறு, டிரைவரைத் தண்டிக்க வேண்டாம்' என்று. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும். என் ரத்த அழுத்தத்தை அட்டையில் எழுதித் தருவாளே, அதே கையெழுத்து.

அந்தக் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. விசாரணை, அலைச்சல் என்று இந்த வயசில் நான் படக் கூடாது என்று விட்டிருப்பாள். நானே சொல்கிறேன்.

அன்று மதியம் அவள் மகளின் பள்ளி அடையாள அட்டைப் படத்தை வாங்கிவரப் பச்சைக் கதவுக்குள் போயிருக்கிறாள். அவன் ஸ்டூல் மேல் நின்று ஆணி எடுத்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது எடுத்திருந்தான். இருபதாவதில் இரண்டு கையாலும் குறடை அழுத்தியவன், கையைத் தொங்கப் போட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அடுத்தபடியாகக் கூப்பிட்டது என்னை. இந்தக் கடைப் போனுக்கு. மூன்று மணி ஏழு நிமிஷம், பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாமா, ஸ்டூடியோ மாமாவுக்கு நெஞ்சு வலி. வண்டிக்குச் சொல்லிட்டேன். போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு நெஞ்ச அழுத்திட்டு இருக்கேன், என்னால கையெடுக்க முடியாது. தெருவுல யாருமே இல்ல. நீங்க முனையில நின்னு வண்டியக் காட்டுங்க மாமா."

"சரிம்மா" என்றேன்.

அவள் சொன்னபடியே முனையில் போய் நின்றேன்.

சாகட்டும் என்று நினைக்கவில்லை சார். யாராவது அப்படி நினைப்பார்களா, அவன் என் உயிர். நான் நினைத்தது வேறு. வண்டி உடனே வந்தால் பிழைத்துக்கொள்வான். பிழைத்து, மகள் பதறிப்போய் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போய்விடுவாள். கொஞ்சம் தாமதமானால், கொஞ்சம் பலவீனமாவான். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்வார். ஒரு ஆறு மாதம் படுக்கை. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காரலாம். வீடு வாங்குகிறவர்கள் காத்திருந்து அலுத்துப்போவார்கள். படங்களை மறுபடி மாட்டிவிடலாம். அந்தக் கணக்கில்தான் நீட்டிச் சொன்னேன். எப்போதும் போலக் கூட்டித்தான் கேட்டேன். எதிர்ப்பக்கம் முகத்தைச் சுளித்து, நாலு அடி நடந்து, கொஞ்சம் இறக்குவார்கள் என்று நம்பினேன். முதல் விலைக்கே சரி என்று கொடுத்துவிட்டார்கள்.

சைரன் சத்தம் கிட்டே வந்ததையும், வாசல் வரை வராமல் தள்ளிப் போனதையும் அவள் கேட்டிருக்கிறாள். கையை எடுக்காமல் கேட்டிருக்கிறாள். எல்லாம் முடிந்து, அவள் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏன் லேட் ஆயிற்று மாமா என்று அவள் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன்.

"வண்டி இந்தப் பக்கம் வரவே இல்லயேம்மா. நீ பழைய நம்பர்னு சொன்னியா, புது நம்பர்னு சொன்னியா?"

அவள் குழாயை மூடவே இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடிற்று. "பதினாலுன்னு மட்டுந்தான் மாமா சொன்னேன்" என்றாள். "புதுன்னு... நான் சொல்லலயே."

"விடும்மா, உம்மேல தப்பில்ல" என்றேன். அந்த ஆறுதலை நன்றாகச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் காலி செய்தாள். எதிர்க் கதவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது என்றாள். கிளம்புகிற அன்று குறடு கேட்டு வாங்கிப்போய், பதின்மூன்று ஆணியையும் எடுத்து, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, ஆணிகளை ஒரு தாளில் மடித்துக் குறடோடு திருப்பிக் கொடுத்தாள். வளைந்தவற்றைக்கூடத் தட்டி நிமிர்த்தியிருந்தாள். "உப்பக் கொறைங்க மாமா" என்றாள். அவள் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறியது.

எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் முனையில் நின்றது. டிரைவர் என்னிடம்தான் வழி கேட்டான். யாருக்கு, எந்த வீடு, எவ்வளவு அவசரம் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் அந்தக் கோடிக்கு அனுப்பினேன். பையனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

பச்சைக் கதவுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. சாவு விழுந்த வீடு என்று வாங்க இருந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அவன் மகள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "அப்பாவுக்கு ஒங்கள விட்டா யாரு மாமா, நீங்களே பாத்துக்கங்க" என்று அழுதாள். இறக்கி வைத்திருந்த படங்களை அதே இடத்தில் மறுபடி மாட்டிவிட்டேன். ஓட்டைகள் தளர்ந்துவிட்டதால் இரண்டரை இன்ச் ஆணியாகப் போட்டேன். கடைச் சரக்குதான். முதல் தடவையாகச் சொந்தத்துக்கு எடுத்தேன். மேஜை மேல் அந்தப் பெண்ணின் அடையாள அட்டைப் படம் வாங்க ஆள் இல்லாமல் கிடந்தது. கவர்மெண்டுக்குத் தெரியாமல் சிரிக்கிறது. அதற்கும் ஒரு சட்டம் போட்டு, கடைசி வரிசையில் மாட்டியிருக்கிறேன். நாற்பத்திரண்டு ஆயிற்று.

நர்ஸைப் பார்ப்பீர்கள் அல்லவா? தப்பு அவளுடையது இல்லை என்று எழுத்தில் ஆகிவிட்டது, இனி அவள் போயிருக்க வேண்டிய காரணமே இல்லை. திரும்பி வரலாம் என்று சொல்லுங்கள். பதிமூன்று இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வீடு பார்க்க வந்த நான்கு பேரையும் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டேன்.